நாலேகால் வயதில் வீட்டுக்கல்வி: பென்சிலுக்கு என்ன அவசரம்?

கேள்வி: என் மகளுக்கு நாலேகால் வயது. எல்.கே.ஜி. முடிக்கப்போகிறாள். ஜூன் முதல் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். ஆனால் நோட்டும் பென்சிலும் கொடுத்தால் ஐந்து நிமிடம்கூட உட்கார மாட்டேன் என்கிறாள். அவள் இன்னும் தயாராகவில்லையா? இப்போதே பதிவு செய்யாவிட்டால் பின்னால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியாது என்று சொல்லி ஒருவர் 38,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா? — ஒரு தாய், ஈரோடு

பதில்: கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நாலு வயதுக் குழந்தையை வீட்டுக்கல்விக்கென்று பதிவு செய்துவைக்க நம் நாட்டில் எந்த அலுவலகமும் கிடையாது. பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (என்.ஐ.ஓ.எஸ்.) பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதையும் நீங்களே இணையத்தில் செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் பன்னிரண்டரை வயது ஆக வேண்டும். உங்கள் மகளுக்கு அதற்கே எட்டு வருடம் இருக்கிறது. அந்த எட்டு வருடப் பயத்தைத்தான் அவர் இன்றைக்கே பணமாக்கப் பார்க்கிறார். 'அங்கீகாரம் பெற்ற வீட்டுக்கல்வித் திட்டம்' என்று அச்சடித்த ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த பெற்றோர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உள்ளே இருப்பது வண்ணம் தீட்டும் தாள்களும் ஒரு அட்டவணையும். அரசின் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

சட்டத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. உங்கள் மகள் இன்னும் அதற்குள் வரவே இல்லை. ஆறு வயதுக்கு மேல் பள்ளிக்குப் போக விரும்பினால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வீட்டுக்கல்வி சரியா தவறா என்று மட்டும் அது வாயைத் திறப்பதில்லை. பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது, சேர்க்காவிட்டால் தண்டனை என்று எதையும் சொல்லவில்லை. இத்தனை வருடமாகியும் இதைத் தெளிவாக ஒரு பக்கத்தில் எழுதிப்போட யாருக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு பதில். அந்த இடைவெளியில்தான் இந்த ஏஜென்டுகள் கடை விரிக்கிறார்கள்.

சரி, குழந்தைக்கு வருவோம். பென்சில் பிடித்து உட்காரவில்லை என்பதை வைத்துத் தயாராகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது எட்டும் குருத்தெலும்புதான். நாலு வயதில் அவற்றில் சில இன்னும் அப்படியேதான் இருக்கும். விரல்களுக்கும் இன்னும் பலம் போதாது. விஜயதசமியன்று நம் வீடுகளில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில்தானே எழுத வைக்கிறோம்? ஒரு தாம்பாளத்தில் அரிசியோ ரவையோ பரப்பி, இன்னும் ஒரு வருடத்துக்கு அதிலேயே எழுதட்டும். முதலில் 'அ' வேண்டாம், அது சுழித்து வளைத்து எழுத வேண்டிய எழுத்து. ட, ப என்று நேர்க்கோடுகளில் தொடங்குங்கள்.

நான் பார்க்கச் சொல்வது வேறு. பல்லாங்குழியை எடுத்துவைத்து, குழிக்கு ஒரு புளியங்கொட்டையாகப் போடச் சொல்லுங்கள். கை ஒரு குழியில் இருக்கும்போதே வாய் மட்டும் 'மூணு, நாலு, அஞ்சு' என்று ஓடினால், எண்கள் அவளுக்கு இன்னும் பாட்டுதான். ஒரு கொட்டை, ஒரு குழி, ஒரு எண் என்று மூன்றும் சேர்ந்து நகர்ந்தால் கணக்குக்குத் தயார். அடுத்து, நேற்று பாட்டி வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். முதலில் இது, அப்புறம் அது என்று வரிசையாகச் சொல்கிறாளா? 'கல், கண், பல்' என்று சொல்லி, எந்த இரண்டு ஒரே மாதிரி ஆரம்பிக்கின்றன என்று கேளுங்கள். கண்டுபிடித்தால் வாசிப்புக்கு வாசல் திறந்துவிட்டது. இல்லையென்றால் இரண்டு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்திலேயே ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். வீட்டில் ஒரே ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் வயதைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்?

இந்த 'காத்திருங்கள்' ஒரு இடத்தில் மட்டும் செல்லாது. பேச்சு வயதுக்கு ஏற்றபடி வரவில்லை, வெளியாட்களுக்கு அவள் பேசுவது புரியவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, டிவியைச் சத்தமாக வைக்கச் சொல்கிறாள், எதைச் சொன்னாலும் 'ம்?' என்கிறாள் என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஐந்து வயதுப் பையன் ஒருவனை 'பிடிவாதக்காரன், சொன்னதைக் கேட்பதே இல்லை' என்று சொல்லி என்னிடம் அழைத்து வந்தார்கள். என் எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு பேசியபோது ஒன்றுக்கும் பதில் இல்லை. இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. பள்ளியில் ஒரு வருடம், வீட்டில் ஒரு வருடம், இரண்டு இடத்திலும் அவனைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளையை வேறு கண்கள் கவனிப்பது குறைவு. அதனால் வீட்டுக்கல்வி எடுக்கும் பெற்றோருக்கு இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: தொடங்குவதற்கு முன் காதையும் கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். மாவட்டங்களில் அரசு மருத்துவமனையோடு சேர்ந்து, பிள்ளைகளின் குறைகளைச் சின்ன வயதிலேயே கண்டறிந்து கவனிக்கும் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கும். கட்டணம் கிடையாது. பேச்சுப் பயிற்சி தேவையா என்பதையும் அங்கேயே பார்த்துச் சொல்வார்கள்.

ஜூனில் தொடங்குங்கள், தாராளமாக. இந்த வயதுக்கு உட்காரவைத்துச் சொல்லித்தர நாளுக்கு அரைமணி நேரம் போதும், அதையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மிச்ச நேரம் விளையாட்டு, கதை, சமையலறையில் உங்களுக்கு ஒத்தாசை. எல்.கே.ஜி. படிக்கும் பள்ளியிலிருந்து டி.சி.யை இப்போதே கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அந்த ஏஜென்ட் மறுபடி போன் செய்தால், எந்த அலுவலகத்தில், எந்தச் சட்டப்படி பதிவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.