ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை, பணம் எப்படிப் போனது?

கேள்வி: என் அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு 'வாகன அபராதம்' என்று ஒரு ஏபிகே கோப்பு வந்தது. தொட்டுத் திறந்துவிட்டார். நேற்றிரவு மூன்று தடவையாக 48,000 ரூபாய் போய்விட்டது. ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: அப்பா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஏபிகே என்பது ரசீதோ படமோ அல்ல. ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வருகிற ஓடிபி அத்தனையும் மோசடிக்காரருக்கும் போய்ச் சேரும். அவர் போன் போட்டுக் கேட்கவே வேண்டாம். உண்மையான இ-செலான் (ஆன்லைன் அபராத ரசீது) எதுவும் ஏபிகே கோப்பாக வராது.

முதலில் அந்த போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபை அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டு, *#21# அழுத்தினால் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று தெரியும். திருப்பியிருந்தால் ##002# ரத்து செய்யும். பதற்றத்தில் செயலியையோ அந்த வாட்ஸ்அப் உரையாடலையோ அழித்துவிடாதீர்கள். அனுப்பிய எண், கோப்பின் பெயர் இரண்டும் தெரிகிற மாதிரி இன்னொரு போனில் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். கணக்கு எண், தொகை, நேரம், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கி தரும் அடையாள எண்ணான யூடிஆர் எண் ஆகியவை கையில் இருக்கட்டும். லைன் கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதியுங்கள். இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. பணம் முதலில், மோசடிக்காரர் கமிஷன் கொடுத்துப் பயன்படுத்தும் வேறு யாரோ ஒருவரின் கணக்குக்குப் போகும். அங்கிருந்து சில நிமிடங்களில் நாலைந்து கணக்குகளாகப் பிரியும். பிறகு ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். புகார் போய்ச் சேரும்போது எந்தக் கணக்கில் எவ்வளவு மிச்சமோ அதைத்தான் வங்கி முடக்க முடியும். 48,000 முழுசாக வரும் என்று யார் உறுதி சொன்னாலும் நம்பாதீர்கள்.  முடக்கிய தொகை திரும்பிவரக் காவல் நிலையத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இன்றைக்கே வங்கிக்கும் போய் யூபிஐ, நெட்பேங்கிங், டெபிட் கார்டு மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, நேரம் குறித்த ஒப்புகை வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாத மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை. அவர் அலட்சியம்தான் காரணம் என்றால், புகார் கொடுக்கும்வரை போன பணம் அவர் தலையில். அதன்பின் போவது வங்கி தலையில். ஏபிகேயை நிறுவியதே அலட்சியம் என்று வங்கி நிச்சயம் வாதிடும். ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கவுன்டரில் யாராவது சொன்னார்கள் என்பதற்காக 'ஓடிபியைப் பகிர்ந்துவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

'பணத்தை விடுவிக்கிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று இனி அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். போலீஸ் அந்த போனைப் பார்த்து முடித்தபின் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். பழைய பேக்கப்பிலிருந்து செயலிகளை மீட்காமல், ஒவ்வொன்றையும் பிளே ஸ்டோரிலிருந்து புதிதாக இறக்குங்கள். கூகுள் பாஸ்வேர்டை மட்டும் அதற்காகக் காத்திருக்காமல் வேறொரு போனிலிருந்து இன்றே மாற்றிவிடுங்கள்.