பெரியப்பா சொன்ன விமானம் எந்தச் சண்டையில் விழுந்தது?

கேள்வி: எங்கள் பூர்வீகம் வத்தலக்குண்டு பக்கம். இப்போது மதுரையில் இருக்கிறோம். “சண்டை நடந்தப்போ மலையில ஒரு பிளேன் விழுந்துச்சு” என்று மறைந்த பெரியப்பா அடிக்கடி சொல்வார். மாட்டுக்கொட்டகைக் கூரையில் அடித்திருக்கும் அலுமினியத் தகடு அங்கிருந்து வந்ததாம். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: வாய்ப்பு இருக்கிறது. ஆனால் மலையேறுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எந்தச் சண்டை என்று தெரிய வேண்டும். எல்லோரும் நேராக வெள்ளைக்காரன் காலத்துக்குப் போய்விடுகிறார்கள். 1971 டிசம்பர் 9 அன்று, பாகிஸ்தானுடன் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம் சின்னமனூர் பக்கத்து மலையில் மோதியது. அது பயணிகள் விமானம்தான். ஆனாலும் ஊர்ப் பேச்சில் அதுவும் ‘சண்டை சமயத்தில் விழுந்த பிளேன்’. சின்னமனூர் உங்கள் ஊருக்குத் தூரமாச்சே என்பீர்கள். பெண் கொடுத்து எடுத்த ஊருக்கெல்லாம் கதை போகும், தகடும் கூடவே போகும்.

அதனால் தகட்டைக் கூரையிலிருந்து இறக்குங்கள். வெறும் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். புளி, பாத்திரப் பவுடர் எதுவும் வேண்டாம், தேய்த்தால் முதலில் போவது எழுத்துதான். சாயங்கால வெயிலில் உள்பக்கத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ‘ஆல்கிளாட் 24எஸ்-டி’ என்று ஆங்கிலத்தில் மங்கலாகத் தெரிந்தால் அது அமெரிக்கத் தகடு. அந்தக் குறியீடு 1950-களில் ‘2024’ என்ற எண்ணாக (ஆண்டு அல்ல) மாறிவிட்டதால், பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தயாரிப்பு. சிறு பாகங்களில் குத்தியிருக்கும் எண் 28 என்று தொடங்கினால் கேட்டலினா என்ற கடல் விமானமாக இருக்கலாம், 32 என்றால் லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானம். இரண்டுமே அப்போது இலங்கையிலிருந்து பறந்தவை. கான்பூர் என்று எங்காவது கண்ணில் பட்டால் ஆவ்ரோ பக்கம் பாருங்கள். நம் நாட்டு ஆவ்ரோக்களை அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். அங்கேதான் தயாரித்தது.

அப்புறம் தேதி. ஊர்ப் பெரியவர்களிடம் “எந்த வருஷம்?” என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். “பிளேன் விழுந்தப்போ யார் வீட்டுல பிள்ளை பிறந்துச்சு?” என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையின் ஜாதகம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. சித்திரபானு என்றால் 1942–43. அடுத்தடுத்து சுபானு, தாரண, பார்த்திப என்று 1945–46 வரை வரும். விரோதிகிருது என்றால் 1971–72. மாதமும் நட்சத்திரமும் இருந்தால் பஞ்சாங்கத்தை வைத்து நாளையே பிடித்துவிடலாம்.

உலகப் போர்தான் என்றானால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தத் தேதியைக் கொடுத்துத் தேடுங்கள், காசு இல்லை. தென்னிந்தியாவில் சிதறிக் கிடந்த கல்லறைகள் பலவற்றை 1952-இல் சென்னை நந்தம்பாக்கத்துக்கு மாற்றினார்கள். ஒரே தேதியில் நாலைந்து விமானப்படைப் பெயர்கள் வந்தால் அது ஒரே விமானத்துக் குழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெயர்களோடு லண்டனில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு எழுதி 1180 என்ற விபத்து அட்டையைக் கேளுங்கள். படைப்பிரிவின் அன்றாடப் பதிவேடு லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.ஐ.ஆர். 27 வரிசையில் இருக்கும். நேரத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை நம் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி நேரம் முன்னால் ஓடியது. அதனால் காலை ஏழு மணிச் சம்பவம் பதிவேட்டில் கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு தாண்டி அரை மணி என்று இருக்கலாம்.

ஒரு வழியை ஆராய்ந்து பார்க்கலாம். கொழும்பு ரத்மலானை விமானத்தளத்திலிருந்து கோவை சூலூருக்கு வரைபடத்தில் அளவுகோலை வையுங்கள். கோடு உசிலம்பட்டியை ஒட்டி வந்து தாண்டிக்குடிச் சரிவில் ஏறும். ஐப்பசி மேகத்தில் தாழப் பறந்தவனுக்கு அந்தச் சரிவு கண்ணுக்கே தெரிந்திருக்காது. இது ஊகம்தான், ஆனால் எந்தச் சரிவில் தொடங்கலாம் என்று சொல்லும். அந்தப் பகுதிக்கு சர்வே ஆஃப் இந்தியாவின் 58 எஃப் வரிசை வரைபடத் தாள்களை வாங்குங்கள். பழைய தாளில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே போன் ஜி.பி.எஸ்.-இல் போட்டால் இருநூறு மீட்டர் போலத் தள்ளிக் காட்டும். காட்டில் அது பெரிய தூரம்.

மாவட்ட வன அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். 2018 குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாகிவிட்டன. அதற்கு முன் அந்தப் பக்கத்துப் பளியர் குடியிருப்பில் பேசுங்கள், போகும்போது ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். தகடெல்லாம் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். தூக்க முடியாத எஞ்சின் மட்டும் உருண்டு ஓடையில் கிடக்கலாம், அதனால் ஓடைகளை முதலில் பாருங்கள். தோட்டாவோ எலும்போ தெரிந்தால் கை வைக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு திரும்பி வந்து வனச்சரகரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லுங்கள்.