வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மூன்று நாள் வீடு: யாருக்கு என்ன சிக்கல்?

காட்பாடியில் வீடு, சென்னையில் ஆபீஸ், இந்த ஏற்பாடு சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே கேஸ்தான்.

பயணம்தான் பெரிய தொல்லை என்று நினைப்போம். ரயிலில் சுமார் 130 கிலோமீட்டர், அது பழகிவிடும். பழகாதது, நாம் இல்லாத நாளில் நடக்கும் பேச்சு. டீ குடிக்கப் போன இடத்தில் நாலு பேர் ஒரு முடிவெடுத்திருப்பார்கள். வியாழக்கிழமை போகும்போதுதான் நமக்குத் தெரியும். அப்ரைசலிலும் தினமும் கண்ணில் படுகிறவர்தான் மேனேஜருக்கு முதலில் ஞாபகம் வருவார்.

வீட்டில் வேறு கதை. மே மாதம் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது கரண்ட் போனால் ஃபேனும் வைஃபையும் சேர்ந்தே போகும். பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி உறைந்து நின்ற என் முகத்தை டீமே பார்த்திருக்கிறது. யுபிஎஸ் செலவு யாருடையது என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முதலாளிக்கு உள்ள பெரிய ஆபத்து தகவல் கசிவு. வாடிக்கையாளர் விவரம் இருக்கும் லேப்டாப்பில் பிள்ளை ஒரு கேம் இறக்கினால் போதும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. இதைக் கவனிக்காமல், வீட்டில் இருப்பவர் வேலை செய்கிறாரா என்று பார்க்க மவுஸ் அசைவை எண்ணிக்கொண்டிருக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடம் என்றால், சேருமுன் இன்னொரு தடவை யோசியுங்கள்.