வங்கிகளின் பொது மென்பொருளுக்கு ஆள் எடுப்பது எப்படி? வடசென்னை நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பல வங்கிகள் சேர்ந்து பயன்படுத்தும் பணப் பரிமாற்ற மென்பொருளுக்கு 11 வருடமாக ஆள் எடுக்கிறேன். வீடு ராயபுரம்.

பெரம்பூர்: அக்கா, புரோகிராம் எழுதும் மொழிகளில் ஜாவா படிக்கணுமா, கோ (Go) படிக்கணுமா?

ஜாவா போதும். வேலைக்காக யாருக்கும் பணம் கட்டாதீர்கள்.

வண்ணாரப்பேட்டை: மேடம், கூட்டுறவு சங்கங்களுக்குப் பொதுவான மென்பொருள் எழுதும் சின்ன கம்பெனி எங்களுடையது. நல்ல டெவலப்பரை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் கேட்கும் கேள்வியைச் சொல்கிறேன். விடியற்காலை காசிமேட்டு மீன் ஏலத்தில் ஓர் அம்மா 2,400 ரூபாய்க்கு மீன் எடுத்து யுபிஐயில் அனுப்புகிறார். அவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. பணம் வந்ததைச் சொல்லும் ஏலக்காரரின் ஸ்பீக்கர் பேசவில்லை. எதிர் வங்கியிலிருந்து பதிலும் இல்லை. உங்கள் புரோகிராம் என்ன செய்யும்?

பாதிப் பேர் "மறுபடி அனுப்பும்" என்பார்கள். முதலில் அனுப்பியதும் போய்ச் சேர்ந்திருந்தால் 4,800 ஆகிவிடுமே! பதில் வரவில்லை என்பதும் தோற்றுவிட்டது என்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு குறிப்பு எண் உண்டு, முதலில் அனுப்பிய அதே எண்ணை வைத்து எதிர் வங்கியிடம் நிலவரம் கேட்கணும். அந்த எண் பத்து தடவை வந்தாலும் பணம் ஒரு தடவைதான் நகரணும். அப்புறம் இரு வங்கிக் கணக்கையும் ஒத்துப்பார்க்கணும். ஒரு பெண் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அதுவரைக்கும் அந்தம்மா திரையில் என்ன காட்டுவீங்க?" என்று என்னையே கேட்டார். அன்றே எடுத்துக்கொண்டோம்.

திருவொற்றியூர்: இப்படிக் கதை கேட்டு ஆள் எடுத்தால் வாயாடிகள்தான் வருவார்கள். அல்காரிதம் கேளுங்கள்.

கேட்டிருக்கிறேன். புதிரை 10 நிமிடத்தில் போட்ட ஒருவர், ரூபாய்க் கணக்கை ஃப்ளோட்டில், அதாவது கம்ப்யூட்டர் தோராயமாக வைக்கும் தசம எண்ணில், எழுதினார். பைசா உதிரும். பைசாவை முழு எண்ணாக வைக்கத் தெரியாதவரை இந்த வேலையில் எப்படி நம்புவது?

கொருக்குப்பேட்டை: 4 வருடமாக சப்போர்ட்டில் இருக்கிறேன். டெவலப்பர் ஆக முடியுமா அக்கா?

முடியும் தம்பி. ராத்திரி 2 மணிக்கு லாக் (மென்பொருள் எழுதிவைக்கும் நடவடிக்கைப் பதிவு) படித்தவருக்கு எது எப்படி உடையும் என்று தெரியும். புரோகிராம் கோடு எழுதிப் பழகுங்கள், உங்களைத்தான் முதலில் கூப்பிடுவேன்.

வியாசர்பாடி: பைதான் படித்தால் கிடைக்குமா?

மொழியைப் பற்றி இது இரண்டாவது கேள்வி. பெரம்பூருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

எண்ணூர்: ஆஃபர் லெட்டருக்கு 15,000 டெபாசிட் கேட்கிறார்கள்.

கட்டாதீர்கள். மேலேயே சொன்னேன். அது மோசடி.

தண்டையார்பேட்டை: தம்பிக்கு யுபிஐயில் அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லை.

அந்த ஆப்பிலேயே புகார் போடுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி மறுநாளுக்குள் திரும்பணும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தரணும்.

திருவொற்றியூர்: சரி, காசிமேட்டுக் கேள்வியையே கோடாக எழுதச் சொல்லலாமே?

இது நல்ல யோசனை. அடுத்த இன்டர்வியூவில் 45 நிமிடம் தருகிறேன். குறிப்பு எண்ணைப் பதிவதும் பணத்தைக் கழிப்பதும் ஒரே டேட்டாபேஸ் டிரான்ஸாக்ஷனுக்குள் (நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையென்றால் இரண்டும் நடக்காது) வருகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.