கூரையில் ஈரம், யாரைக் கூப்பிடுவது? – கேள்வி பதில்

வீட்டுப் பழுதுபார்க்க ஆள் முன்பதிவு செய்யும் ஆப் நடத்துகிறோம். அதில் பிளம்பிங், எலக்ட்ரிக்கல், தச்சு வேலை என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஆனாலும் முதல் பக்கத்திலேயே பலர் வெளியேறிவிடுகிறார்கள். ஏன்?

அது உங்கள் ஆட்களின் பட்டியல். வாடிக்கையாளரின் பிரச்சினை அல்ல. கூரையில் ஈரக்கறை படிந்திருக்கிறது. கூப்பிட வேண்டியது பிளம்பரையா, கொத்தனாரையா? நேரில் பார்க்காமல் உங்களுக்கே தெரியாது, அவரிடம் போய்க் கேட்கிறீர்கள். கண்ணுக்குத் தெரிவதைக் கேளுங்கள்: கறை எங்கே, இப்போதும் சொட்டுகிறதா, மேலே குளியலறை இருக்கிறதா? ஒரு படம் வாங்குங்கள். 'தெரியவில்லை' என்ற பதிலும் இருக்கட்டும். யாரை அனுப்புவது என்பது உங்கள் வேலை.

ஒரு எச்சரிக்கை. கேஸ் வாசனை என்று ஒருவர் தட்டினால் முகவரி, நேரம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். 'எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே போங்கள், அங்கிருந்து அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள்' என்று மட்டும் பெரிதாகக் காட்டுங்கள்.

முன்பதிவு பட்டனுக்கு எந்த நிறம் நல்லது?

எதுவானாலும் சரி. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு (contrast) 4.5:1 ஆவது இருக்கட்டும்.

எத்தனை பேரை வைத்துச் சோதிக்கலாம்?

ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு வடிவமைப்பு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது குறைகளைக் கண்டுபிடிக்க. சதவீதம் கணக்கிட அல்ல. ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர். வேலைக்குப் போகும் மெக்கானிக்குகளுக்குத் தனியாக ஐந்து. அவர்களும் உங்கள் பயனர்கள்தான், கையில் கிரீஸோடு.

நான் மெக்கானிக். பார்க்காமலே விலை போடச் சொல்கிறார்கள். நியாயமா?

இல்லை. வருகைக் கட்டணத்தை உறுதியாகவும் வேலைக்கூலியை 'இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை' என்றும் காட்டலாம்.

குறைந்த தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்களே?

வருவார்கள். அதனால் தொகை எப்போது கூடும் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்: 'சுவரை உடைக்க நேர்ந்தால்' என்பது போல. கூடுதல் வேலைக்கு வாடிக்கையாளர் தன் போனில் சம்மதம் தரட்டும்.

நான் வாடிக்கையாளர். குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு எதிரில் நிற்பவரிடம் 'வேண்டாம்' என்று எப்படிச் சொல்வது?

இதைத்தான் யாரும் வடிவமைப்பதில்லை. எதையும் கழற்றுவதற்கு முன்பே சம்மதத் திரை வர வேண்டும். 'வேண்டாம்' பட்டன் 'சரி' பட்டனின் அளவிலேயே இருக்க வேண்டும். மூலையில் சாம்பல் எழுத்தில் ஒளிந்திருக்கக் கூடாது. அதை அழுத்தினாலும் வருகைக் கட்டணம் மெக்கானிக்குக்கு முழுதாகப் போய்ச் சேர வேண்டும். வந்த செலவு கைக்கு வந்துவிடும் என்றால் அவர் ஏன் வற்புறுத்தப் போகிறார்? மேலே விலைச் சண்டையில் வந்த மெக்கானிக், வாடிக்கையாளர் இருவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

நட்சத்திர மதிப்பீட்டை எப்போது கேட்பது?

வேலை முடிந்ததும் கேட்டால் வந்தவர் சிரித்த முகத்துக்குத்தான் மார்க் விழும். ஒழுகல் நின்றதா என்று சில நாள் கழித்துக் கேளுங்கள்.

பச்சை பட்டனா, ஆரஞ்சா?

மேலே பாருங்கள்.

சாட்பாட் வைக்கலாமா?

கேஸ் வாசனை பற்றிச் சொன்னேனே, அதைத் தட்டினால் உங்கள் சாட்பாட் முதலில் 'வணக்கம், உங்கள் பெயர்?' என்று கேட்குமா? கேட்கும் என்றால் வேண்டாம்.