வன்னிக்குப் போக 'பாஸ்' எடுக்க வேண்டுமா?

கேள்வி: கனடாவிலிருந்து ஓகஸ்ட் மாதம் குடும்பமாக வருகிறோம். கணவரின் ஊர் கிளிநொச்சி. பிள்ளைகள் இருவரும் கனடாவில் பிறந்தவர்கள். வன்னியின் கோயில்கள், குளங்கள், பறவைகள், பண்டாரவன்னியன் கல் எல்லாவற்றையும் அவர்களுக்குக் காட்ட ஆசை. கொழும்பிலுள்ள ஒரு முகவர், வெளிநாட்டுப் பாஸ்போட்காரர் வவுனியாவுக்கு வடக்கே உள்ள ஓமந்தை தாண்டுவதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று சொல்லி ஆளுக்கு ஒரு தொகை கேட்கிறார். விசாவையும் தானே எடுத்துத் தருவாராம். ஒரே நாளில் வன்னி முழுவதையும் சுற்றி, மன்னாரில் பூநாரையும் காட்டுவாராம். காசு அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம் தங்கச்சி. அவர் சொன்னது எல்லாமே பிழை. அதிலும் அந்த அனுமதிக் கதைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஓமந்தையில் சோதனைச் சாவடி இருந்தது உண்மை. போர் முடிந்த பிறகும் அதை எடுக்கவில்லை. வெளிநாட்டுப் பாஸ்போட் வைத்திருப்பவர்கள் வடக்கே வரப் பாதுகாப்பு அமைச்சிடம் அனுமதி எடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை 2014 ஒக்ரோபரில் மறுபடியும் கொண்டுவந்தார்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அது நீக்கப்பட்டது. அதே ஆண்டில் ஓமந்தைச் சாவடியும் போனது. இன்று ஊர் பார்க்கவோ, கோயில் கும்பிடவோ, சொந்தக்காரரைப் பார்க்கவோ வருகிறவர்களுக்கு அப்படி ஒரு பாஸ் கிடையாது. கட்டுப்பாட்டைப் போட்டபோது உலகத்துக்கெல்லாம் தெரிந்தது. எடுத்ததைச் சனத்துக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த மௌனத்தை வைத்துத்தான் தரகர்கள் இன்னமும் பிழைக்கிறார்கள். 'அனுமதிக் கட்டணம்' என்று ஒரு வரி பில்லில் இருந்தால், அந்த ஆளோடு வேறு எந்தப் பேச்சும் வேண்டாம்.

விசாவுக்கும் முகவர் தேவையில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நீங்களே விண்ணப்பித்து, உங்கள் கார்டிலேயே கட்டணம் கட்டலாம். கூகிளில் தேடும்போது மேலே விளம்பரமாக வரும் தளங்கள் பல, அரச தளம் போலவே தோற்றம் காட்டி இரண்டு மூன்று மடங்கு காசு பிடுங்குபவை. முகவரி 'ஜிஓவி டொட் எல்கே' என்று முடிகிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கட்டணத்தையும் விதியையும் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு அங்கேயே பாருங்கள், போன வருடம் வந்தவர் சொன்னதை நம்ப வேண்டாம். 2024 ஏப்ரலில் இந்த வேலையை ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுத்தார்கள், ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது, செப்டெம்பர் கடைசியில் பழைய முறை திரும்ப வந்தது. ஒரு நாட்டின் வாசற்கதவை இப்படி மாற்றி மாற்றி வைத்தால், வருகிறவன் தரகனைத் தேடித்தான் போவான்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. குடும்பங்கள் விமான நிலையத்தில் அந்தரப்படுவது இதனால்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கணவர் இரட்டைக் குடியுரிமை எடுத்து, காலாவதியாகாத இலங்கைப் பாஸ்போட்டும் வைத்திருந்தால் அவருக்கு விசா வேண்டாம். அவருக்கு மட்டும்தான். கல்யாணம் கட்டியதால் உங்களுக்கு அது வராது. தகப்பனிடம் இருக்கிறது என்பதால் பிள்ளைகளுக்கும் தானாக வராது. பிள்ளை பிறந்தபோது தாய் தகப்பன் எந்த நாட்டுப் பிரசைகளாக இருந்தார்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும். பிறப்பைத் தூதரகத்தில் பதிந்து இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழ் எடுத்திருந்தால் சரி. அந்தக் கடுதாசி கையில் இல்லாவிட்டால், கனடியப் பாஸ்போட்டில் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக விசா எடுங்கள். பழைய அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் காட்டி உள்ளே போய்விடலாம் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கனடியப் பிரசையானதோடு இலங்கைக் குடியுரிமை சட்டப்படி போய்விட்டது. விண்ணப்பித்துத் திரும்ப எடுத்திருந்தால் மட்டுமே அது இரட்டைக் குடியுரிமை.

அடுத்தது பூநாரை. மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தடியிலும் வங்காலையிலும் அவை கூட்டமாக நிற்பது வலசைக் காலத்தில், நவம்பருக்குப் பிறகு மார்ச் வரை. வங்காலைச் சரணாலயம் 2010இல் உலக முக்கியத்துவமுள்ள 'ராம்சார்' ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம், பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஓகஸ்டில் அங்கே சோளகக் காற்றும் வெயிலும்தான். அந்த மாதத்தில் பூநாரை காட்டுகிறேன் என்பவருக்கு மன்னாரைத் தெரியாது, அல்லது தெரிந்துகொண்டே பொய் சொல்கிறார். பிள்ளைகளுக்குப் பறவைதான் முக்கியம் என்றால் ஜனவரி, பெப்ரவரிக்குப் பயணத்தை மாற்றுங்கள். ஓகஸ்டில்தான் வர முடியும் என்றால் காலையில் கட்டுக்கரைக்குளம் போங்கள். தண்ணீர் வற்றும் காலத்தில் கொக்கும் நாரையும் கூழைக்கடாவும் மிஞ்சிய நீரைச் சுற்றியே நிற்கும்.

ஒரே நாளில் வன்னி முழுவதும் என்பது வாகனத்துக்குள் இருந்து ரோட்டைப் பார்ப்பது. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று நான்கு மாவட்டங்கள். மேற்கே இரண்டு நாள், கிழக்கே இரண்டு நாள் என்று பிரியுங்கள்.

மேற்கே மடு. ஓகஸ்ட் 15 மடுமாதாவின் பெருவிழா, லட்சக்கணக்கில் சனம் வரும். விழாவுக்கென்றே வருவதானால் நல்லது, கோயிலை ஆறுதலாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள். பிறகு சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம். போர்த்துக்கேயர் இடித்த அந்தக் கோயிலின் கற்கள்தான் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது ஊரில் வழிவழியாகச் சொல்வது. 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. இரண்டையும் ஒரே நாளில் காட்டினால் பிள்ளைகளுக்கு வரலாறு தானாக விளங்கும். பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் (பாவோபாப்) விட வேண்டாம்.

கிளிநொச்சியிலிருந்து கிழக்கே போகும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்கும், கச்சான் வாங்குங்கள். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர். அதற்குக் கிட்டத்தான் நீங்கள் கேட்ட கல், கற்சிலைமடுவில். 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனை, அக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் இங்கே தோற்கடித்தான் என்று சொல்லும் நினைவுக்கல் அது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அவர்களுக்கு அது வெறும் கல். அப்புறம் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன், நந்திக்கடல். பொங்கல் வைகாசியில் என்பதால் ஓகஸ்டில் கோயில் அமைதியாக இருக்கும்.

நந்திக்கடல் பக்கம் ஒரு விஷயம் கவனியுங்கள். சில வழிகாட்டிகள் போரில் பிள்ளையை இழந்த வீடுகளுக்கு வெளிநாட்டாரைக் கூட்டிக்கொண்டு போய் அழுகையைப் படம் எடுக்க வைக்கிறார்கள். அதற்குக் காசும் வாங்குகிறார்கள். அந்த வீட்டுக்கு அதில் எதுவும் போய்ச் சேருவதில்லை. அப்படி ஒரு இடம் திட்டத்தில் இருந்தால் வெட்டிவிடச் சொல்லுங்கள். உதவ விரும்பினால் முல்லைத்தீவில் ஒரு இரவு தங்கி, ஊர்க் கடையில் சாப்பிட்டு, மீனும் கருவாடும் வாங்குங்கள்.

மிதிவெடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். நான் சொன்ன கோயில்களும் தெருக்களும் சனம் நாளாந்தம் புழங்குகிற இடங்கள், பயமில்லை. ஆனால் முகமாலை போன்ற இடங்களில் அகற்றும் வேலை நீண்டுகொண்டே போயிருக்கிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ சிவப்புத் தடியோ கண்டால் அதற்கப்பால் ஓரடியும் வைக்கக் கூடாது. காட்டுக்குள் பழைய பங்கரில் இறங்கிப் படம் எடுக்கவோ, கிடக்கிற இரும்பைத் தூக்கவோ பிள்ளைகளை விடாதீர்கள்.

வழிகாட்டி வைப்பதானால், சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை கொடுத்த அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அது இருந்தால் மட்டும் போதாது, வன்னியில் எந்த ஊர் என்றும் கேளுங்கள். வாகனத்தை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ பிடிப்பதுதான் என் விருப்பம். மாங்குளம் முல்லைத்தீவு ரோட்டிலும் மடுப் பக்கத்திலும் பொழுதுபட்டால் யானை ரோட்டுக்கு வரும், உள்ளூர்ச் சாரதிக்கு அது எந்த இடம் என்று தெரியும். மாலை ஐந்தரைக்குள் தங்குமிடத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரித் திட்டம் போடுங்கள். வாடகை நாள் கணக்கா கிலோமீற்றர் கணக்கா, எண்ணெய் யார் அடிப்பது, சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு என்பதை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிய பிறகு, ஒரு நாள் வாடகைக்கு மேல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.