வெளிநாட்டுப் பணம் இல்லாமல், உள்ளூர்க்காரர்கள் கொடுப்பதை வைத்தே ஒரு தொண்டு அமைப்பை நடத்த முடியுமா?

முடியும். ஆனால் வாடகைக்கும் சம்பளத்துக்கும் கூச்சப்படாமல் பணம் கேட்கப் பழக வேண்டும். வியாசர்பாடியில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் ஒரு சின்ன டிரஸ்டில் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வடசென்னையில் கொடுக்கிற மனசு இல்லை என்பவர்கள் ஆடி மாதம் வந்து பார்க்கட்டும். தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவது மீன் விற்கிற அக்காவும் ஆட்டோ ஓட்டுகிற அண்ணனும் போட்ட பணத்தில்தான். பழைய வழக்கம் இது. 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றியதிலிருந்து வளர்ந்து வந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சாப்பாடு, நோட்டுப் புத்தகம் என்றால் உடனே கொடுப்பார்கள். பிறந்தநாளுக்குக் கேக்கோடு வந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். டீச்சருக்குச் சம்பளம் என்றால் மட்டும், "சேவைதானே சார், சம்பளம் எதுக்கு?" அந்த டீச்சர் அதே தெருப் பெண், அந்தப் பணத்தில்தான் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறாள் என்று விளக்க வேண்டியிருக்கிறது.

வெளிப் பணமும் முன்போல் இல்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, பெரிய அமைப்பு தான் வாங்கிய நிதியை எங்களைப் போன்ற சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. கம்பெனிகள் சமூகப் பணிக்கென ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்துக்கு மூன்று வருட அனுபவம், டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ பதிவு, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு எல்லாம் கேட்பார்கள். 80ஜி வரிச்சலுகையைச் சொல்லித் தெருவில் வசூலிக்கவும் முடியாது. வருமான வரியே கட்டாதவருக்கு அதனால் என்ன லாபம்? புதிய வரி முறைக்கு மாறிய சம்பளக்காரருக்கும் அது கிடையாது.

எங்களுக்குக் கைகொடுத்தது மாதச் சந்தாவும் வாசலில் மாட்டிய ஒரு போர்டும். வாடகை, கரண்ட் பில், சம்பளம், வரவு, துண்டு விழுந்த தொகை எல்லாம் அதில் இருக்கும். ஐம்பது ரூபாய்க்கும் ரசீது உண்டு. எதிரில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா ஒருநாள், "போன மாசத்தைவிட கரண்ட் பில் ஏன்பா ஜாஸ்தி?" என்று பிடித்துக்கொண்டார். இரண்டு ஃபேன் புதிதாக மாட்டியதைக் காட்டிய பிறகுதான் விட்டார். சந்தாவைத் தவறாமல் கொடுக்கிறவர்களில் அவரும் ஒருவர். என்னைக் கேட்டால், ஃப்ளெக்ஸில் தன் படம் வேண்டும் என்று பெரிய தொகை நீட்டுகிறவரைவிட இப்படிக் குடைகிற பத்துப் பேர் போதும்.

நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் டிரஸ்ட் பதிவு, பான் கார்டு, டிரஸ்ட் பெயரில் வங்கிக் கணக்கு மூன்றையும் முடித்துவிட்டு வசூலுக்குக் கிளம்புங்கள். சொந்த நம்பருக்கு ஜிபே வாங்கவே வாங்காதீர்கள். அப்புறம், மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் போய்விடுங்கள். பத்தைத் தாண்டினால் சம்பளப் பணம் சீட்டுக்கும் வட்டிக்கும் போயிருக்கும்.